மூங்கில் கோலும் இரும்புக் காலும்

அம்சா துப்பாக்கியைத் தொட்டதே புருஷன் ஆனந்தனுடைய கைக்காகத்தான்.

பள்ளிப்பட்டுச் சாலையை ஒட்டிய மலையடிவாரத்தில் அவர்களுக்கு வேர்க்கடலை நிலம். திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. பயிர்க்காவலுக்கென்று சித்தூரில் லைசென்சு வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. வண்டி குடை சாய்ந்து ஆனந்தனின் இடது தோள் நசுங்கிய பிறகு அவனால் அதைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. காட்டுப்பன்றிகள் இறங்கி, உழுதுபோட்ட மாதிரி நிலத்தைக் கிளறிவிட்டுப் போயின.

குழலைத் தாங்க ஒரு கோல் வேண்டும் என்று அம்சாதான் சொன்னாள். புளியங்கிளையில் கவை வெட்டிப் பார்த்தாள், தூக்கி நடக்க முடியாத கனம். வேப்பங்கவை லேசாக இருந்தது, ஆனால் நிற்கவில்லை.

"பக்கவாட்டுல ஆடுது. ஒத்தக் கோலு ஆவாது" என்றான் ஆனந்தன்.

கடைசியில் தோளுயரத்துக்கு இரண்டு மூங்கில்களைப் பெருக்கல் குறி போலச் சேர்த்து, உச்சிக்கு ஒரு சாண் கீழே தோல்வாரால் கட்டினாள். கால்களை அகட்டினால் உயரம் குறையும், ஒடுக்கினால் கூடும். குழல் உரசிச் சத்தம் வராமலிருக்க மேல்கவையில் பழைய வேட்டித் துணியைச் சுற்றினாள். மருந்து போடாத துப்பாக்கியை அதில் சாய்த்து நடுப்பகலில் வரப்பு வரப்பாகப் பழகினார்கள். ஒரு விடியற்காலையில் கொழுத்த பன்றி ஒன்று கடலைக்கொடி மேலேயே விழுந்தது. ஆனந்தன் முகத்தில் அம்சா வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தாள்.

அடுத்த கோடையில் கஜபதி வந்து சேர்ந்தான். அம்சாவின் அக்காள் தமயந்தியின் புருஷன், ஆர்.கே.பேட்டையில் நூல் வியாபாரம். பட்டணத்திலிருந்து வாங்கி வந்த சாமான் ஒன்றைத் துணிப்பையிலிருந்து எடுத்துப் பிரித்தான். குழலோடு மாட்டிக்கொள்ளும் இரண்டு இரும்புக் கால்கள். முழ உயரம்கூட இல்லை.

"இன்னா சகல, மாட்டுக்காரன் மாதிரி மூங்கில வெச்சிகினு? இத மாட்டிப் பாரு. படுத்துகினே சுடலாம். கையே வாணாம்."

"இரும்பு கல்லுல பட்டா சத்தம் வராதாங்க, பாவா?" என்று கேட்டாள் அம்சா.

"வரட்டுமே. தாகத்துல வர்றது எங்கம்மா போவும்?"

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடிக்கவில்லை. மலைச்சரிவில் வற்றாத சுனை ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதன் எதிரே பாறைமேல் ஆனந்தனும் கஜபதியும் படுத்துக்கொண்டார்கள். முதலில் முயல் வந்தது. அம்சா குழம்பு வைத்தாள். பிறகு அவர்கள் தினமும் போனார்கள். வீட்டுக்கு வருவது குறைந்தது, வெடிச்சத்தம் மட்டும் குறையவில்லை.

ஒருநாள் கூழ் எடுத்துக்கொண்டு அவளே சுனைக்குப் போனாள். சுனை கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் அடித்தது. முள்புதருக்குள் ஒரு பெட்டைமான் ஊதிக் கிடந்தது. வயிற்றில் துப்பாக்கி ரவை பாய்ந்து, அங்கேவரை இழுத்துக்கொண்டு வந்து செத்திருக்கிறது. யாரும் தேடவில்லை. கிழிந்த வயிற்றிலிருந்து குட்டியின் குளம்பு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஈ மொய்த்தது.

பாறை நிழலில் தோகை பிடுங்கப்பட்ட மயில்கள் குவியலாகக் கிடந்தன. கஜபதி இறகுகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஆடிக் கிருத்திகைக்குக் காவடி கட்டப்போறேன் அம்சா. மலைமேல அத்தினி கண்ணும் நம்ம காவடி மேலதான் இருக்கணும்."

"மயிலக் கொன்னு முருகனுக்கா?"

"உதிர்ந்த எறகு அழுக்கா கீதும்மா. இது பாரு, பளபளன்னு."

அவன் நீட்டிய இறகின் அடிக்குருத்தில் தோலும் சதையும் ஒட்டியிருந்தன. அதே கையால் கூழ்ச்சட்டியை வாங்க வந்தான்.

"கையக் கழுவுங்க."

"எங்க கழுவறது? சுனையே ரத்தமா பூடுச்சி" என்று சிரித்தான்.

அம்சா புருஷனைப் பார்த்தாள். அவன் குப்புறப் படுத்திருந்தான். கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்தியிருந்தது. திரும்பாமலே சொன்னான்: "சத்தம் போடாத. அந்தப் பக்கம் ஒண்ணு வருது."

அவள் கூழ்ச்சட்டியைப் பாறையில் ஓங்கி அடித்து உடைத்தாள். தண்ணீருக்கு வந்த மயில் படபடத்துப் பறந்தது. கஜபதி கத்தினான். அவள் பாறை ஓரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

ஆனந்தன் வீட்டுக்கு வந்தபோது அடுப்பு அணைந்திருந்தது.

"நான் இன்னா பண்ணிட்டேன்? கை ஆவாதவன்னு ஊரே பேசிச்சி. சுட்டா வுழுதுன்னு ஒரு சந்தோசம், அவ்ளோதான்."

"நான் கோல் கட்டிக் குடுத்தது கடலையக் காக்க. தண்ணி குடிக்க வந்தத சுட இல்ல. அந்தத் துப்பாக்கி இந்த வூட்ல கீற வரைக்கும் எங்கையால சோறு கெடயாது. உங்களப் பாத்தாலே அந்த நாத்தம்தான் வருது."

அவள் கோபித்துக்கொண்டால் ஓரிரு நாளில் தணிவாள் என்று நினைத்தான். அவள் தணியவில்லை. அவன் படுத்த பாயைக்கூடத் தொடாமல் குச்சியால் சுருட்டி வெளியே தள்ளினாள். கடைத்தெருவில் சாப்பிட்டுச் சலித்துப்போய், கடைசியில் சித்தூருக்குப் பஸ் ஏறி, துப்பாக்கியையும் லைசென்சையும் ஒப்படைத்துவிட்டு வந்தான். இரும்புக் கால்களை கஜபதி வாங்கிக்கொண்டு போனான்.

கிருத்திகையன்று சரவணப் பொய்கைக் கரையில் கஜபதியின் காவடியைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அரோகரா போட்டார்கள். தமயந்தி தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள். "தொட்டுக் கண்ல ஒத்திக்கோடி."

"நாறுது" என்றாள் அம்சா, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. கையை உதறிக்கொண்டு மலைப்படி ஏறாமலே வீட்டுக்கு நடந்தாள். அதற்குப்பின் தமயந்தி தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அந்த வருஷம் பாதிக் கடலையைப் பன்றிகள் தின்றன. மறுவருஷம் பன்றி வாய்வைக்காத ஆமணக்கை விதைத்தார்கள். வருமானம் போதவில்லை என்று ஆனந்தன் முணுமுணுத்தான். கஜபதிக்கு எங்கேயோ வேறொரு துப்பாக்கி கிடைத்தது. அடுத்த ஆடியிலும் அவன் காவடியை ஜனங்கள் நின்று பார்த்தார்கள்.