நொண்டி ஏறிய பஸ்

1. செத்துப்போன ஓர் ஆங்கிலச் சொல்.
2. பஸ்ஸில் கண்ட தந்திரம்.
3. எனக்கு அது வராது.

‘டிரெஜெட்’ என்ற சொல்லை இன்று காலை இணையத்தில் கண்டேன். இடைக்கால ஆங்கிலத்தில் தந்திரம், சூழ்ச்சி என்று பொருள். இப்போது எவரும் பயன்படுத்துவதில்லை.

பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். வழியில் இராணுவச் சோதனைக்காக எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கமாக நான் அடையாள அட்டையைக் காட்டி முடிப்பதற்குள், நின்று வந்தவர்கள் முந்தி ஏறி இருக்கைகளைப் பிடித்துவிடுவார்கள். மீதித் தூரம் ஒவ்வொரு பிரேக்குக்கும் யார் மேலாவது விழுவேன்.

அதுவரை என் பக்கத்து இருக்கையில் வந்த பெண் சோதனை வரிசையில் மெல்லச் சொன்னார்: “ஐயா, கொஞ்சம் நொண்டி ஏறுங்கோ.”

“கால் நல்லாத்தானே இருக்குது, பிள்ளை.”

“அது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்!”

நொண்டினேன். டை கட்டிய ஒருவர் உடனே எழுந்து இடம் தந்தார்.

வெள்ளவத்தையில் அவரும் இறங்கினார். “கவனம் அங்கிள்” என்று கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் நொண்டினேன். கண்ட மனைவி பதறிப்போய் எண்ணெய் சூடாக்கினாள்.

இதை எழுதும்போதும் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறாள். சுகமாக இருப்பதால் உண்மையைச் சொல்லவில்லை. அவள் முகநூல் பார்ப்பதில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து வாய் திறக்க வேண்டாம்.

மூன்றாவது குறிப்பு பிழை.