ஸ்கூட்டர் டியூப் ஒட்டிய ரோலர்

1. இன்சார்ஜ் ஆன நாள்

நான் பாடம் எடுத்தது வெப்ப இயக்கவியல். பாய்லர், டர்பைன் என்றால் பேசுவேன். ரோபோவைத் தொட்டதுகூட இல்லை. அப்படியிருந்தும், தாம்பரத்துக்குத் தெற்கே நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் ஒருநாள் துறைத்தலைவர் கூப்பிட்டு, "மேடம், ரோபோ டீமுக்கு இனிமே நீங்கதான் இன்சார்ஜ்" என்றார். முன்பு பார்த்துக்கொண்டவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் கல்லூரிக்குக் கல்லூரி ரோபோ போட்டி நடக்கும்.

அன்று மதியமே இருவரும் டீமின் அறைக்குப் போனோம். தரையில் கிடக்கும் டென்னிஸ் பந்துகளை ரோபோ அள்ளிக் கூடையில் போட வேண்டும், அதுதான் போட்டி. அள்ளுவது முன்பக்கம் சுழலும் ரோலர். இன்டேக் என்பார்கள். பிவிசி பைப்பில் உப்புத்தாள் ஒட்டி அதைச் செய்திருந்தார்கள். ரோலர் பட்டதும் பந்து எகிறிச் சுவரோரம் ஓடியது. அடுத்ததும் அப்படியே.

"இது பந்தைப் பிடிக்குதா, துரத்துதா?" என்றார் துறைத்தலைவர். "போன தடவையும் வெறுங்கையோட வந்தீங்க. இந்தத் தடவையும் அப்படின்னா ரூமை பிளேஸ்மென்ட் டிரெய்னிங்குக்குக் கொடுத்துடுவேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். ரோபோவை ஓட்டும் மூன்றாம் ஆண்டு மாணவி யாஸ்மின் ஒரு பந்தை எடுத்து ரோலரில் அழுத்திப் பார்த்தாள். "மேடம், பைப் கல்லு மாதிரி இருக்கு. பந்தும் லேசா ஒரு இடத்துலதான் தொடுது. பிடி எங்கேருந்து வரும்?"

2. தூசி

யாஸ்மினின் அப்பாவுக்குத் தாம்பரத்தில் மெத்தைக் கடை. அங்கிருந்து ஸ்பாஞ்ச் கொண்டுவந்து பைப்பில் சுற்றினாள். பந்து அதில் புதைந்து அழகாக உள்ளே போனது. ஆனால் சாயங்காலத்துக்குள் ஸ்பாஞ்ச் பிய்ந்து உதிர்ந்தது. அடுத்து சிலிக்கோன் ரப்பர் ஷீட். ஒரு பந்தைக்கூட விடவில்லை. துறைத்தலைவர் வந்து பார்த்து, "இதையே ஃபிக்ஸ் பண்ணுங்க" என்றார். எனக்கும் நிம்மதி.

"சார், நம்ம லேப் டைல்ஸ் தினமும் தொடைக்கிறாங்க," என்றாள் யாஸ்மின். "போட்டி நடக்கிற இடம் அப்படி இருக்குமா?"

ஒர்க்‌ஷாப்பில் பெருக்கிய தூசியைக் கொண்டுவந்து தரையில் தூவினாள். சிலிக்கோன் ரோலர் இரண்டு சுற்றில் மாவில் புரட்டியதுபோல் வெளுத்தது. பிறகு பந்தின்மேல் வழுக்கிக்கொண்டே சுற்றியது.

அவளோடு ரோபோ கட்டிய பிரபுவுக்குப் பக்கத்துப் பீர்க்கன்கரணைதான் ஊர். மறுநாள் ஒரு பழைய ஸ்கூட்டர் டியூபோடு வந்தான். உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கட்டும், மேலே டியூபைப் பட்டைகளாக வெட்டி இடைவெளி விட்டு ஒட்டலாம் என்றான். ஸ்பாஞ்ச் அமுங்கிக் கொடுக்கும், பட்டையின் விளிம்பு பந்தைக் கவ்வும், தூசி இடைவெளியில் போய்விடும்.

துறைத்தலைவர் முகம் சுளித்தார். "பஞ்சர் கடை மாதிரி இருக்கு."

அவர் சொல்லுக்கு மறுபேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை. அன்று பேசினேன். "சார், ரெண்டு ரோலரையும் உங்க முன்னாடியே ஓட்டுறோம். தூசியை நீங்களே போடுங்க."

அவர் கஞ்சத்தனம் பண்ணாமல் அள்ளிக் கொட்டினார். சிலிக்கோன் வழுக்கியது. டியூப் ரோலர் எல்லாப் பந்துகளையும் வாரிக்கொண்டு போனது. கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "சரி, இந்த அசிங்கமே போட்டிக்குப் போகட்டும்."

3. காட்டாங்குளத்தூரில்

போட்டி காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் நடந்தது. ஷாமியானாவுக்குக் கீழே பிளைவுட் தளம். காற்று மண்ணை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. மற்ற டீம்கள் சுற்றுக்குச் சுற்று ரோலரைத் துடைத்தன. எங்கள் பிள்ளைகள் துணியையே தொடவில்லை. இறுதிச் சுற்றுவரை வந்துவிட்டோம்.

அதில் பாதி ஓட்டத்தில் ஒரு பட்டை பசை விட்டு, ஒரு முனை மட்டும் ஒட்டிக்கொண்டு படபடவென்று அடித்தது.

"போச்சு, மச்சான். இன்னா பண்றது? நிறுத்தச் சொல்லவா?" என்றான் பிரபு, பக்கத்திலிருந்த நண்பனிடம். யாஸ்மின் ரிமோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நிறுத்தாத. அது எட்டிப் பிடிக்குது, பாரு."

உண்மைதான். மூலையில் கிடந்த பந்துகளை எந்த ரோபோவின் ரோலரும் அதுவரை எட்டவில்லை. தொங்கிய பட்டை அவற்றைச் சுண்டி உள்ளே இழுத்தது. யாஸ்மின் வேண்டுமென்றே மூலை மூலையாக ஓட்டினாள். மணி அடித்தபோது எங்கள் கூடை நிரம்பி வழிந்தது. எதிர் டீமின் கூடை பாதிகூட நிறையவில்லை.

நடுவர் குனிந்து ரோலரைத் தடவி, "என்ன மெட்டீரியல் இது?" என்று கேட்டார்.

"ஸ்கூட்டர் டியூப், சார்," என்றான் பிரபு. சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

கோப்பையோடு வேனில் திரும்பும்போது துறைத்தலைவருக்கு போன் செய்தேன். "ரூம் உங்களுதுதான். அந்த ரோலரை என் டேபிள்ல கொண்டுவந்து வைங்க" என்றார்.

கொடுக்க முடியாது என்று பின்சீட்டிலிருந்து யாஸ்மின் சொன்னாள். அடுத்த ரோலருக்கு எல்லாப் பட்டைகளையும் ஒரு முனையில் மட்டும் ஒட்டப்போகிறாளாம். அளவெடுக்க இது வேண்டுமாம்.

ரோலருக்கு எந்த மெட்டீரியல் நல்லது என்று இப்போதும் இளம் ஆசிரியர்கள் என்னைக் கேட்கிறார்கள். எந்தத் தரையில் ஓடப்போகிறது என்று திருப்பிக் கேட்கிறேன். தெரியாது என்றால், முதலில் போய்த் தரையைப் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.