ஆளை விடாத லார் மாக்ளர்

பந்தைப் பார்க்கமாட்டார் லார் மாக்ளர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக நாக்வாரா மைதானத்துக்கு வந்து, கம்பி வேலியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு நிற்பார். தோல் பந்து ஒரு கோலிலிருந்து மறு கோலுக்குப் பறக்கும்போது வேலியோரத் தலைகளெல்லாம் இடமும் வலமுமாகத் திரும்பும். அவர் தலை மட்டும் அசையாது. யாராவது ஒரு தடுப்பாட்டக்காரனைத் தேர்ந்தெடுத்து, அவன் இடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால், “பந்து யார் அடிச்சாலும் போகும். ஆளு எங்க போறான்னு பாரு” என்பார். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில்தான் எத்தனை கோல் என்று பக்கத்தில் வருகிறவரிடம் விசாரிப்பார்.

அறுபதை நெருங்குகிறார். பால் நிலையத்தில் காலை ஏழு மணிக்கு வண்டிகள் வரிசையில் நிற்கும். கேன் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு, சரி என்று தலையாட்டுவதும் வேண்டாம் என்று கேனை முழங்காலால் தள்ளுவதும் அவர் வேலை. கை விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டும். புருவத்தில் ஒரு வெட்டு. அங்கே மயிர் முளைக்கவில்லை.

பேசும்போது ஒட்டி நிற்பார். நீங்கள் அரை அடி நகர்ந்தால் அவரும் அரை அடி நகர்வார். அவருக்கே தெரியாமல் நடப்பது இது. புதிதாக வந்த தபால்காரர் ஒருமுறை அவரோடு பேசத் தொடங்கி, பின்வாங்கிப் பின்வாங்கி, கடைசியில் பால் நிலையச் சுவரில் முதுகு முட்டி நின்றார். லாரின் மனைவி நோனி இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள்: “நடன மண்டபத்துல முதல்ல பார்த்தப்ப இவரு பக்கத்தை விட்டு நகரவே இல்ல. ஆசையாக்கும்னு நெனச்சேன். அப்புறம் பார்த்தா, கசாப்புக் கடைக்காரன்கிட்டயும் அப்படித்தான் நிக்கிறாரு.”

மட்டையால் தோல் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங்கில் கோல் மூலையைக் காக்கிறவனுக்குப் புகழ் கிடையாது. எதிரணியின் முன்கள ஆட்டக்காரன் ஒருவனை அவனிடம் ஒப்படைப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு அவனுடைய மூச்சும் நடையும் இவன் பொறுப்பு. இருபது வயதில் நாக்வாரா தேவாலயப் பங்கின் அணிக்குள் வந்த நாளிலிருந்து லார் அந்த ஒரு வேலையைத்தான் செய்தார். அழகாக ஆடுகிறார் என்று யாரும் சொன்னதில்லை. அவரிடம் மாட்டிய எதிராளிகளும் ஆட முடியாமல் போனார்கள் என்பதுதான் பேச்சு.

ஒரே ஒருவரைத் தவிர. ஷூர் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாலிஃபின் பங்கு. அங்கே ஃபின்டன் குவெர்க் என்று மாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். தொப்பியின் முனையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டிருப்பார். ஓடத் தொடங்கும் முன் மட்டையால் தன் பூட்ஸ் குதிகாலை இரண்டு தட்டு தட்டுவார். டொக், டொக். அடுத்த கணம் பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே நிற்பார். பந்து அடிக்கப்படும் முன்பே கிளம்பிவிடுவார் என்பதுதான் லாருக்கு விளங்காத விஷயம். யுத்த வருஷங்களில் பெட்ரோல் இல்லாமல் இரு அணிகளும் சைக்கிளில் வந்து ஆடிய காலம் முழுவதும் ஃபின்டன் லாருடைய ஆள். லாரின் புருவத்தை வெட்டியது அவர் மட்டை. அவருடைய சுண்டுவிரலை ஒடித்தது இவர் மட்டை.

ஃபின்டனுக்கு வாய் ஓயாது. பந்து தொலைவில் இருக்கும்போதெல்லாம் முன்னால் நின்றபடி, திரும்பாமலேயே பேசுவார். கன்று போட்ட பசு, மனைவி ஹானியின் இருமல், ஓட்டை விழுந்த கூரை எல்லாம் லாருக்கு அப்படித்தான் தெரியும்.

“லார், உன் மூச்சு என் பிடரியில படுது. காலையில வெங்காயமா?”

“ஆமா. உனக்காகத்தான் தின்னேன்.”

மைதானத்துக்கு வெளியே இருவரும் பேசிக்கொண்டதில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு. அதோடு சரி.

ஒரு பிப்ரவரியில் ஷூர் கரை புரண்டது. தாழ்வான புல்வெளியில் சிக்கிய கிடேரிகளை ஓட்டிவரப் போன ஃபின்டன் திரும்பவில்லை. மில் அணைக்கட்டில் அவரைக் கண்டெடுக்கச் சில நாட்கள் ஆயின. லார் முதல் தடவையாக அவர் வீட்டுக்குப் போனது அப்போதுதான். சவப்பெட்டி மூடியிருந்தது. ஹானி அவர் கையில் தேநீரைக் கொடுத்தாள். லார், “பிடிக்க முடியாத ஆளு” என்றார். “நீங்க ஒருத்தர்தான் பிடிச்சீங்கன்னு சொல்வாரு” என்றாள் ஹானி.

அந்த மே மாதம் இரண்டு பங்குகளும் மோதின. ஃபின்டன் இடத்துக்கு மிக் டூஹி என்று ஒரு தடியனைப் போட்டிருந்தார்கள். லார் அவன் தோளை உரசிக்கொண்டு நின்றார். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பின்னால், வலப்பக்கம், டொக், டொக் என்று சத்தம் கேட்டது.

லார் திரும்பினார். ஃபின்டன் கோல் கம்பத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். தொப்பி பின்பக்கம் திரும்பியிருந்தது. லாரின் கால்கள் அவரைக் கேட்காமலே டூஹியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடின. ஃபின்டனை முந்தவேண்டும் என்று கையை நீட்டினார். மேகத்திலிருந்து இறங்கியதுபோல் பந்து வந்து உள்ளங்கையில் அடங்கியது. கூட்டம் கைதட்டியது. அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

“பயமா இருந்துச்சான்னு கேக்குறாங்க” என்பார் லார். “பயம் எங்க வந்துச்சு? எரிச்சல்தான். செத்தும் விடமாட்டேங்குறானேன்னு.” கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொல்வார்: “ஆனா பேசவே மாட்டான். அதுதான் எனக்குப் பிடிக்கல. அந்த வாய்க்கு என்ன ஆச்சு?”

அவ்வளவு பேசிய மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தையும் காட்டவில்லை, லார் எவ்வளவு வேகமாகச் சுற்றி வந்தாலும் தொப்பியின் முனையும் பிடரியும்தான் தெரியும். யார் எதிரணி, எந்த ஊர் என்பது கணக்கே இல்லை. லார் கால் வைத்த மைதானத்திலெல்லாம் அவர் இருந்தார். குதிகாலில் தட்டுவார், கிளம்புவார், லார் பின்னாலேயே ஓடுவார், பந்து வரும். ஒரு வருஷத்துக்குள் லாரை மாவட்ட அணிக்கு எடுத்தார்கள். டப்ளினில் பெரிய மைதானத்தில், கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த இரண்டு தட்டுகள் அவருக்குத் தெளிவாகக் கேட்டன. பந்தின் மனசு தெரிந்த தடுப்பாட்டக்காரர் என்று பத்திரிகைகள் எழுதின. லார் பத்திரிகையை மடித்து அடுப்பில் போட்டார். தனக்குத் தெரியாததைத் தனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறார்களே என்று அவருக்குக் கூச்சம்.

கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் இதைச் சொன்னார். பங்குச் சாமியார் அணியைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இருந்தவர். பலகைக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி முன்னால் இழுபட்டது. பிறகு, “நம்ம கோலுக்கு ஏதாவது தொந்தரவு குடுக்குறானா?” என்று கேட்டார். இல்லை என்றார் லார். “அப்ப அவன் ஆத்துமாவுக்காக ஒரு செபமாலை சொல்லு. ஞாயித்துக்கிழமை நேரத்தோட வந்துடு.”

நோனியிடமும் சொல்லியிருந்தார். நோனி தன் அக்காவிடம் மட்டும் சொன்னாள். அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுக்கப்பட்டவள். பிறகென்ன, வேலியோரத்திலிருந்து குரல்கள் வந்தன: “டேய் மாக்ளர், உயிரோட இருக்கிறவனையும் கொஞ்சம் கவனிடா.” சிரித்தவர்களும் லார் தங்கள் பக்கம் ஓடிவரும்போது வேலியை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டார்கள்.

ஒரு நாள் காலை ஹானி குவெர்க் பால் நிலையத்துக்கு வந்தாள். கழுதை வண்டியில் ஒரே ஒரு கேன். லார் மூடியைத் திறந்து குனிந்தபோது அவளும் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

“ஊர்ல பேசிக்கிறது நிஜமா?”

லார் கேனுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்றார்.

ஹானி வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான் என்பது லாருக்குப் பிறகு புரிந்தது.

“அவரு நனைஞ்சிருக்காரா?”

லார் யோசித்தார். தவறாகச் சொல்லிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு ஆட்டமாக நினைத்துப் பார்த்தார். போன வாரம் கொட்டுகிற மழையில், எல்லோரும் முழங்கால்வரை சேறாக நின்ற ஆட்டம் நினைவுக்கு வந்தது. ஃபின்டனின் காலுறை வெளுப்பாக இருந்தது. தொப்பியில் ஒரு சொட்டு இல்லை.

“இல்ல. மழையிலயும் நனையல” என்றார்.

ஹானி தலையை ஆட்டினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். பாலை ஊற்றாமலே போய்விட்டாள் என்பதை லார் வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தார்.

மாவட்டத்துப் பங்குகளுக்கிடையேயான இறுதி ஆட்டத்தை நாக்வாரா அதுவரை வென்றதில்லை. அந்த இலையுதிர் காலத்தில் இறுதிக்கு வந்தது, எதிரில் பாலிஃபின். அன்று நடந்ததை மதுக்கடையில் இன்றும் சொல்கிறார்கள், லார் உள்ளே வந்தால் நிறுத்திக்கொள்கிறார்கள். நாக்வாரா ஒரு புள்ளி முன்னால் இருந்தது. முடிய இரண்டு மூன்று நிமிஷம். பாலிஃபின்காரர்கள் கடைசியாக ஒரு நெடிய பந்தை அடித்தார்கள். மிக் டூஹியைக் காக்கவேண்டிய லார் மாக்ளர், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஓரக் கயிற்றை நோக்கி ஓடினார். பந்து எதிர்ப்பக்கம் விழுந்தது. டூஹிக்கு எதிரே ஒருவரும் இல்லை. மூன்று புள்ளிக்கான கோல் விழுந்து ஆட்டம் கைவிட்டுப் போனபோது லார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். கயிற்றருகே நின்று பார்வையாளர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாராம்.

அணித்தலைவர் ஷாமி டெலஹண்டி, லாரோடு ஒரே பெஞ்சில் படித்தவர். உடை மாற்றும் கொட்டகையில், “என்னடா செஞ்ச?” என்று ஒரே ஒரு தடவை கேட்டார். லார் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார். சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள், அதைவிட அதிகம் பேர் மன்னித்திருப்பார்கள். மாவட்ட அணியில் அவர் பெயர் மறுபடி வரவில்லை. பங்குக்காக இன்னும் இரண்டு வருஷம் ஆடினார். எல்லாத் தடுப்பாட்டக்காரர்களையும்போல் பந்து போன பிறகு ஓடினார். யாரும் அவருக்கு முன்னால் கிளம்பவில்லை. ஷாமி இன்றும் அவருக்குப் பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுப்பதில்லை. நோனிக்குக்கூட முழுதாகத் தெரியாது.

நடந்தது இதுதான். அந்த நெடிய பந்தை அடிக்கப்போகிறவன் மட்டையை ஓங்கியபோது குதிகாலில் இரண்டு தட்டுக் கேட்டது. ஃபின்டன் ஓரக் கயிற்றுப் பக்கம் கிளம்பினார். பந்து அங்கேதான் வரும் என்று லார் பின்தொடர்ந்தார். அதுவரை ஒரு தடவைகூட அது பொய்த்ததில்லை. பாதி வழியில்தான் ஒன்றைக் கவனித்தார். ஃபின்டன் ஓடவில்லை. மாலையில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்போல், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். கயிற்றைத் தாண்டினார். கயிறு அசையவில்லை.

கயிற்றுக்கு அப்பால், மழையில் நனைந்த பலகை ஒன்றின் நுனியில் ஹானி உட்கார்ந்திருந்தாள். பாஸ்டனில் இருக்கும் தங்கையிடம் அடுத்த வாரம் அவள் கப்பலேறுகிறாள் என்றும், வீட்டையும் மாடுகளையும் விற்றாகிவிட்டது என்றும் ஊருக்கே தெரியும். ஃபின்டன் அவள் முழங்காலை உரசினாற்போல் அவளைக் கடந்து போனார். தலை திரும்பவில்லை. நடை தயங்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, வாயிற்கதவுக்கு வெளியே சாலைக்குப் போனார்.

லார் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகுக்குப் பின்னால் கோல் என்று கூட்டம் அலறியது. அவர் கண் போன திசையையும், அது தன்னைத் தாண்டிப் போனதையும் ஹானி பார்த்துவிட்டாள்.

“அவரா?”

“ஆமா.”

“போயிட்டாரா, லார்?”

லார் இன்னொரு தடவை வாயிலைப் பார்த்தார். திறந்த கதவு, ஈரச் சாலை, இரண்டு சைக்கிள்கள். வேறொன்றும் இல்லை.

“இல்ல” என்றார். “உங்க பக்கத்துலதான் வந்து நிக்கிறாரு.”

ஹானி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மைதானத்தை விட்டு எடுக்காமலே, விரிந்து கிடந்த கோட்டு ஓரத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு காலியான பலகையிலிருந்த மழைத்தண்ணீரைத் தன் கோட்டுக் கையால் அழுத்தித் துடைத்தாள்.