கொழுந்தனோடு ஆடிய ஓசிப் போக்கர்

மழை பிடித்துக்கொண்டால் மரக்காணத்து உப்பளங்களில் வேலை நின்றுவிடும். நான் கணக்குப் பார்க்கும் ஆபீசுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். அப்படிச் சும்மா கிடந்த நாட்களில்தான் போனில் போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொண்டேன். என் கொழுந்தனுக்கும் அதே பைத்தியம். ஒரே தெருவில் இருந்தாலும், பாகப்பிரிவினைக்குப் பிறகு நானும் அவனும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஞாயிறு மதியம் இலவசப் போட்டி என்றார்கள். ஜெயித்தால் ஃபிரிட்ஜ். போய் உட்கார்ந்தால் அதே மேசையில் அவன். பெண் என்று நான் ஒருத்திதான். இடம் மாறி வந்துவிட்டேனா என்று ஒருவன் கேட்டான்.

போனில் பழகியபடி, கையில் ஒன்றுமில்லாமலே பெரிதாகக் கட்டி மிரட்டிப் பார்த்தேன். எவனும் மிரளவில்லை. சொந்தக் காசு போகாத ஆட்டத்தில் யாருக்குப் பயம்? மூன்றாம் நம்பர் ஜோடியை வைத்துக்கொண்டு கொழுந்தன் எனக்கு ஈடாகக் கட்டினான். காசுக்குப் பதிலாகக் கொடுத்திருந்த என் பில்லைகள் மொத்தமும் அவன் பக்கம் போயின.

"போய் சோத்த வடிங்க அண்ணி," என்றான். மேசையே சிரித்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உடம்பு எரிந்தது.

அடுத்த போட்டிக்கும் போனேன். இந்த முறை மிரட்டவே இல்லை. சுமாரான சீட்டு வந்தால் கவிழ்த்துப் போட்டு ஒதுங்கினேன். தூங்குகிறேன் என்று கிண்டல் செய்தார்கள். இரண்டு ஆசு வந்தபோது மட்டும் பில்லைகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று இரண்டு பேர் கட்டினார்கள், இரண்டு பேரும் தோற்று எழுந்து போனார்கள். மறுபடியும் நல்ல சீட்டு வந்தது, இன்னொருவன் போனான்.

கடைசியில் நாங்கள் சிலர்தான் மிச்சம். ஃபிரிட்ஜ் கண்ணுக்குத் தெரிந்ததும் எல்லோரும் பில்லையை எண்ணி எண்ணிக் கட்ட ஆரம்பித்தார்கள். இனி மிரட்டலாம் என்று அப்போதுதான் தோன்றியது. மட்டமான சீட்டிலும் கட்டினேன். ஒதுங்கினார்கள்.

நானும் அவனும் மட்டும் நின்றோம். மேசையில் இருவருக்கும் பொதுவாக மூன்று இஸ்பேட் விழுந்திருந்தது; கையில் இன்னும் இரண்டு இஸ்பேட் இருந்தால் எந்த ஜோடியும் அதனிடம் தோற்கும். என் கையில் இஸ்பேட்டே இல்லை. இருந்ததையெல்லாம் தள்ளினேன். அவன் வெகுநேரம் யோசித்தான்.

"இந்தம்மா சீட்டு இல்லாம தள்ளாது," என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிவிட்டு, ராணி ஜோடியைக் காட்டித் தூக்கிப் போட்டு ஒதுங்கினான். அதுவரை அவன் கட்டியிருந்ததெல்லாம் எனக்கு வந்தது. மிஞ்சியதும் அடுத்த ஆட்டத்தில் வந்துவிட்டது.

வெளியே வழிமறித்தான். "அந்த இஸ்பேட்டு நெஜமாவே இருந்துச்சா?"

"பாக்கணும்னா கட்டியிருக்கணும்," என்றேன்.

ஃபிரிட்ஜ் வண்டி வந்த அன்று, அது வீட்டுக்கு வரமுடியாதபடி கொழுந்தன் தன் பைக்கைத் தெருவை அடைத்து நிறுத்தினான். என் கணவர் கெஞ்சியும் எடுக்கவில்லை. நானே போய் உருட்டி ஓரத்தில் விட்டேன்.

இப்போது அந்த இஸ்பேட் இருந்ததா என்று என் கணவர் மூலமாகக் கேட்கிறான். அவரிடமும் நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இன்னும் அந்த மேசைக்கு வருகிறான். நான் தள்ளினால் இன்னும் ஒதுங்குகிறான்.