அண்ணனுக்குக் கலந்த திராட்சை சோடா

தென்னூரில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு அண்ணன் அன்றுதான் முதல் தடவையாக வந்தார். அண்ணியால் வெங்காய அறுவடையை விட்டு வர முடியவில்லை. உப்பிலியபுரத்திலிருந்து தனியாக பஸ் ஏறி, ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார். அவர் குடியை விட்டு எட்டு மாதமாகியிருந்தது.

கணவரின் நண்பர்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள். அவர்களுக்காக போனில் பார்த்து ஒரு காக்டெய்ல் கற்றிருந்தேன். பன்னீர் திராட்சையைப் பிசைந்து வடிகட்டி, ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் சேர்த்துக் குளிர வைக்க வேண்டும். கிளாசில் மூன்றில் ஒரு பங்கு அதை ஊற்றி, நுரைக்கும் ஒயினை ஓரமாகச் சரித்து மெல்ல விட வேண்டும். அவசரப்பட்டால் நுரை பொங்கி வழிந்துவிடும், குடிக்கும்போது சப்பென்றிருக்கும்.

அண்ணனுக்கு மட்டும் ஒயினுக்குப் பதில் சோடா. அவர் தனித்துத் தெரியக் கூடாது என்று அதே நீளக்கால் கிளாசில், அதே புதினா இலையோடு கொடுத்தேன். என் சாமர்த்தியம் எனக்கே பெருமையாக இருந்தது.

அவர் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

“வெறும் சோடாதாண்ணே.”

“தெரியும்மா. எனக்கு வேணாம், பச்சைத் தண்ணி போதும்.”

“உங்களுக்காகவே செஞ்சேன். ஒரு வாய் குடிங்கண்ணே.”

ஒரே மூச்சில் குடித்தார். குடித்த வேகத்திலேயே, இன்னொன்று ஊற்று என்பதுபோல, காலி கிளாசை என் பக்கம் நீட்டினார். நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். அண்ணன் தன் கையைப் பார்த்தார், கிளாசை மேசையில் வைத்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வரேன்.”

இலை போட்டிருந்தது. அவர் உட்காரவில்லை. நான் வாசல் வரைகூடப் போகாமல் நண்பர்களுக்குச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை போன் செய்தேன்.

“உன் மேல கோவமில்லம்மா. அந்த கிளாசு கையில இருந்தப்ப எட்டு மாசமும் போயிடுச்சு. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, நம்ம ஊர் பஸ் ரெண்டை விட்டுட்டு நின்னேன். எதிர்ப்பக்கம் பிராந்திக் கடை.”

“குடிச்சீங்களாண்ணே?”

“இல்ல. உன் அண்ணிக்கு போன் போட்டேன். பஸ் ஏறி உட்கார்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருந்தா.”

நான் அழுதேன். அவர்தான் என்னைச் சமாதானப்படுத்தினார். சாப்பிடாமல் வந்துவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார்.