வினைச்சொல் இல்லாத வரி

எண்பதுகளில் கல்முனையில் எனக்கு யாரையாவது பார்த்தால் பற்றிக்கொண்டு வருமென்றால், அது அந்த நெல் ஆலை ஹாஜியாரைத்தான். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் ஆலையில் வேலை பழகுவதற்கென்று ஒரு பாடத்திட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். அவர் சம்மதிக்காவிட்டால் பயிற்சிக்கு வேறு இடமில்லை. மருதோன்றி பூசிய தாடி, இடுப்பில் வெள்ளைச் சாறன். நாங்கள் கதைக்கக் கதைக்க, சட்டைப்பையிலிருந்து அரிசி எடுத்துக் கடித்து எங்கள் பக்கமே துப்புவார்.

"மாணவர் ஆலையில் அவதானிப்பர்" என்று வாசித்தேன்.

"அவதானிக்கிறதெண்டா?"

"நிண்டு பாக்கிறது, ஹாஜியார்."

"சும்மா நிண்டு பாக்க என்ட ஊட்டுல மருமகன் இரிக்கான்."

பல்லைக் கடித்துக்கொண்டு அதை வெட்டி, "செய்வர்" என்று எழுதினேன்.

"என்ட மிசின்ல உங்கட பொடியனுகள் கைவெக்கிறதா? அது நடக்காது சேர்."

அதையும் வெட்டினேன். "அப்ப வந்து என்னதான் செய்யிற?" என்று கத்திவிட்டேன்.

"படிச்ச ஆக்கள் நீங்கதானே. நல்ல சொல்லொண்டு எழுதுங்க." மறுபடி துப்பினார்.

இத்தனைக்கும் எல்லாக் கூட்டத்துக்கும் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பவர் அவர்தான். வேண்டாமென்று சொல்வதற்கு ஏன் வந்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ரோணியோ நகல் பொறியில் அடித்து வந்த பாடத்திட்டத்தில் அந்த வரி "மாணவர் ஆலையில்" என்பதோடு நின்றது. முற்றுப்புள்ளி மட்டும் சரியாக விழுந்திருந்தது.