சாகாமல் திரும்பிப் போனவர்

எங்கள் இல்லத்தில் ஒன்பது அறைகள். பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு இங்கே வருவார்கள். வலி தெரியாமல், முடிந்தால் சொந்தபந்தம் பக்கத்தில் இருக்க, கடைசி நாட்களைக் கழிக்கும் இடம். பதினேழு வருடமாக நான் இங்கே சமையல்காரி. திரும்பி வரும் தட்டைப் பார்த்தே ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். நர்ஸ்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டால் போகட்டும்.

ஆறாம் அறைக்கு வந்த லிஃப்ட்காரரின் தட்டுதான் முதன்முதலாக என் கணக்கைப் பொய்யாக்கியது.

முப்பத்து நான்கு வருடம் ஒரு பன்னிரண்டு மாடி ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "உள்ள வர்றவங்க எல்லாரும் மேல எரியற நம்பரையே பார்த்துட்டு நிப்பாங்க. என் பக்கம் ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க. யார் பேரும் எனக்குத் தெரியாது. ஏழாம் மாடி, பத்தாம் மாடின்னுதான் தெரியும்," என்பார். குறையாகச் சொல்லமாட்டார். வெயில் அடிக்கிறது என்பதுபோலச் சொல்வார்.

வயிற்றில் கட்டி. ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னதை அந்த மனிதர் அப்படியே நம்பினார். வாடகை வீட்டைக் காலி செய்தார். கட்டில் எதிர்வீட்டுக்கு, ஸ்டவ் மாடி வீட்டுக்கு, சுவர்க்கடிகாரம் தெருமுனைத் தையல்காரருக்கு. இரண்டு சட்டையை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். வருவதற்கு முன்னால், பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அக்காவுக்கு போன் செய்து, தான் போகப்போவதைச் சொன்னார்.

அக்கா வந்தார். எழுபது வயது, முழங்கால் வலி, இரண்டு பஸ் மாறி வரவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறவில்லை. நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் சனிக்கிழமையே லிஃப்ட்காரர் ஷேவிங் செய்துகொள்வார்.

ஆறு வாரம் போயிற்று. பத்து வாரமும் போயிற்று. தட்டு வழித்துத் துடைத்தது மாதிரி திரும்பி வர ஆரம்பித்தது. இன்னும் ரெண்டு ரொட்டி கிடைக்குமா என்று ஆள் விட்டுக் கேட்டார். கொடுத்தனுப்பிவிட்டு, வந்து எத்தனை வாரம் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். இங்கே ஒரு விதி உண்டு. இரண்டு மாதம் உடம்பு அதே நிலையில் நின்றாலோ தேறினாலோ அறையைக் காலி செய்யவேண்டும். வெளியே நிஜமாகவே சாகப்போகிறவர்கள் இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். உலகத்தில் எல்லா இடத்திலும் "உங்களுக்குச் சரியாயிடுச்சு" என்றால் இனிப்பு கொடுப்பார்கள். இங்கே டாக்டர் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்.

அன்று மத்தியானம் லிஃப்ட்காரர் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "அக்காகிட்ட மட்டும் சொல்லாதீங்க," என்றார்.

"ஏன், சந்தோஷப்பட மாட்டாங்களா?"

"சாகப்போறவனைத்தான் அவ பார்க்க வரா. என்னைப் பார்க்க வரலை."

எனக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, பாத்திரம்தான் பேசும். ஒரு குண்டானை ணங்கென்று வைத்தேன். அன்றைக்கு வாயும் பேசிவிட்டது. "எழுவது வயசு மனுஷியை ரெண்டு பஸ் மாத்தி வரவெச்சு ஏமாத்துவீங்களோ? நீங்களே சொல்லுங்க," என்றேன். இன்றைக்கும் அந்த வாயை நினைத்தால் எனக்கே வலிக்கிறது.

அடுத்த ஞாயிறு அவர் சட்டை மாட்டி, பையோடு நின்றபடி சொன்னார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. நான் வாசலில் தட்டோடு நின்றேன்.

"என் வீட்டுக்காரர் நாப்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தார். நீ எட்டிக்கூடப் பார்க்கலை. ஒத்தையா உட்கார்ந்திருந்தேன். போகப்போறவன்கிட்ட என்னத்தைக் கோவிச்சுக்கறதுன்னு மனசைக் கல்லாக்கிட்டு வந்தேன். இப்ப நீ நல்லாத்தானே இருக்க?"

"எனக்கு ஆஸ்பத்திரின்னா பயம்க்கா."

"எனக்கு மட்டும் பயமில்லையா?"

அவ்வளவுதான். தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த அம்மா பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறு ஞாயிறு யாரும் வரவில்லை. லிஃப்ட்காரரும் அப்போது இங்கே இல்லை.

ஒரு மாதம் கழித்து, மனசு கேட்காமல், ரொட்டி கட்டி எடுத்துக்கொண்டு அவர் புது அறையைத் தேடிப் போனேன். இரண்டாம் மாடி, ஒற்றை ஜன்னல், லிஃப்ட் கிடையாது. தரையில் ஒரு பாய், புதுசாக ஒரு பிளாஸ்டிக் வாளி. "கட்டிலையாவது திருப்பிக் கேட்டிருக்கலாமே," என்றேன். "செத்துப்போறேன்னு சொல்லிக் குடுத்ததுங்க. எந்த முகத்தோட கேக்கறது? தையல்காரர் என்னைத் தெருவுல பார்த்துட்டு, என்னமோ தப்புப் பண்ணினவர் மாதிரி உள்ள போயிட்டார்," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல மனிதர், செத்தால் எல்லோருக்கும் சௌகரியம் என்று ஆகிவிட்டாரே என்றிருந்தது.

கட்டி மறுபடி பெரிதாகி, எட்டு மாதம் கழித்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். இந்த முறை ஆறாம் அறை கிடைக்கவில்லை, இரண்டாம் அறை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சூப்பில் பாதி மிஞ்சியது. நர்ஸ் உறவினர் நம்பர் கேட்டபோது தலையை ஆட்டி மறுத்தார். என்னிடம் மட்டும் சொன்னார்: "இப்ப வேண்டாம். நிச்சயமான பிறகு கூப்பிடுங்க. இன்னொரு தடவை அவளை அலைய வைக்கக் கூடாது."

நிச்சயமான பிறகு கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? மறுநாள் காலையில் பழைய ரிஜிஸ்டரில் அக்கா நம்பரைத் தேடி நானே போன் போட்டேன். யார் பேசறது என்று முதலில் இரண்டு தடவை கேட்டார். பிறகு, "இந்தத் தடவை நிஜமாவா?" என்று கேட்டார்.

டாக்டருக்கே தெரியாது. எனக்கென்ன தெரியும்? "நிஜந்தாம்மா," என்றேன்.

அக்கா வந்தபோது லிஃப்ட்காரர் தலையணையில் சாய்ந்து, நான் ஊட்டிய சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் குரல் கேட்டதும் முகமே மாறிப்போயிற்று. "கிண்ணத்தை எடுத்துட்டுப் போங்க, சீக்கிரம்," என்று சொல்லிவிட்டு, கீழே சரிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்பது நாள் இப்படியே போயிற்று. இங்கேயே விருந்தினர் அறையில் தங்கி, அக்கா பகல் முழுக்கக் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார், தம்பி கண்ணைத் திறக்கமாட்டார். அக்கா சாப்பிடப் போகும் அரைமணி நேரத்தில் நான் கிண்ணத்தோடு நுழைவேன். விழித்துக்கொண்டு, நாலு ஸ்பூன், பிறகு மூன்று ஸ்பூன். "ஒரு வார்த்தை பேசுங்களேன் அவங்ககிட்ட," என்று கெஞ்சிப் பார்த்தேன். "பேசினா எழுந்து போயிடுவா," என்றார். கிறுக்குப் பிடித்த மனிதர். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அக்கா சமையலறைக்கு வந்தார். பசியில்லை, ஒரு டீ மட்டும் போதும் என்றார். டீயையும் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீங்க போய் அவனுக்குக் குடுங்க. நான் இருந்தா சாப்பிட மாட்டான்."

என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"கண்ணை மூடிட்டுத் தூங்கற மாதிரி நடிக்கறது அவனுக்குச் சின்ன வயசுலயே வராது. இமை துடிக்கும். முதல் நாளே தெரியும்."

"அப்ப சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா வெக்கப்படுவான். இருக்கட்டும்னு விட்டுட்டேன். திரும்பி வரும்போது செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் வருவேன். அவன் கண்ணை மூடிக்க நேரம் வேணுமில்ல."

கிண்ணத்தில் சூப்பை ஊற்றிக்கொண்டு இரண்டாம் அறைக்குப் போனேன். கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். இமை துடிக்கவில்லை. கிண்ணத்தை மேஜையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காரவும் தோன்றாமல், நர்ஸைக் கூப்பிடவும் வாய் வராமல் நின்றேன்.

வராந்தாக் கோடியிலிருந்து, தரையில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து, மெதுவாக, தம்பிக்கு வேண்டிய நேரத்தையெல்லாம் கொடுத்தபடி அக்கா வந்துகொண்டிருந்தார்.